குழந்தையின் இடப்பக்கம் எது? கருவில் இதயமும் உறுப்புகளும் பக்கம் மாறியிருப்பதை ஸ்கேனில் கண்டுபிடிக்கும் முறை

இருபதாவது வாரத்து ஸ்கேன். குழந்தையின் வயிறு திரையில் குறுக்காகத் தெரிகிறது. இரைப்பை கறுப்புக் குமிழ் மாதிரி ஒரு பக்கமாக இருக்கிறது. தாயின் வயிற்றின்மேல் வைத்திருக்கும் ஸ்கேன் கருவியான புரோப்பைக் கொஞ்சம் குழந்தையின் நெஞ்சுப் பக்கம் நகர்த்துகிறீர்கள். இதயத்தின் நுனியும் அதே பக்கம். "இரண்டும் ஒரே பக்கம், சரி" என்று சிறுநீரகம் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உறுப்புகள் மொத்தமும் கண்ணாடிப் பிம்பம்போலப் புரண்டிருக்கும் குழந்தைக்கும் இரைப்பையும் இதயமும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அது வலப்பக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் பழகத் தொடங்கிய நாட்களில் இதே பாடத்தைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். ஒரு மத்தியான நேரம், "இதயம் வலது பக்கம் இருக்கிறதுபோலத் தெரிகிறது, பெரிய டாக்டர் பார்க்கட்டும்" என்று அந்தத் தாயிடமே சொல்லிவிட்டேன். மூத்த மருத்துவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. வந்தவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை. புரோப்பைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தை விரலால் தட்டினார். மார்க்கர் என்ற அடையாளக் குறி இருக்கும் ஓரத்தைத் தட்டினால் திரையின் இடது ஓரம் அதிர வேண்டும். வலது ஓரம் அதிர்ந்தது. எனக்கு முன்னால் யாரோ படத்தை இடவலமாகப் புரட்டும் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் அதை ஒரு தடவை அழுத்தினார், இதயம் இடப்பக்கம் வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் அந்த அம்மா இரண்டு மணி நேரமாக அழுதுகொண்டிருந்தார். அன்றிலிருந்து புரோப்பின் ஓரத்தைத் தட்டாமல் நான் எந்த ஸ்கேனையும் தொடங்குவதில்லை.

இந்தக் கட்டுரை ஸ்கேன் பழகும் மருத்துவர்களுக்கும் சோனோகிராபர்களுக்கும். சொல்ல வருவது ஒன்றுதான்: இரைப்பையைப் பார்த்து இடப்பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். முதலில் குழந்தையின் இடப்பக்கத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு இரைப்பை எங்கே என்று கேளுங்கள்.

எதைத் தேடுகிறோம்

வழக்கமான அமைப்பில் இதய நுனி, இரைப்பை, மண்ணீரல் மூன்றும் இடப்பக்கம். கல்லீரலின் பெரும்பகுதி, பித்தப்பை, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் ஐவிசி என்கிற கீழ்ப் பெருஞ்சிரை ஆகியவை வலப்பக்கம். இதற்கு சைட்டஸ் சாலிடஸ் என்று பெயர். எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக மாறியிருந்தால் சைட்டஸ் இன்வெர்சஸ். 1788-இலேயே மேத்யூ பெய்லி இப்படிப்பட்ட ஒரு உடலைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். சுமார் 8,000 முதல் 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். இதயத்தின் உள்ளமைப்பு சரியாக இருந்தால், வேறு எதற்காகவோ நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்வரை தெரியாமலே வாழ்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

நமக்குக் கவலை தருவது மூன்றாவது வகை. அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் உறுப்புகள் குழம்பிக் கிடக்கும் ஹெட்டரோடாக்சி. ஏறக்குறைய 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பார்கள். இதில் இதயக் கோளாறு இல்லாத குழந்தை அரிது. இது இரண்டு கிளையாகப் பிரியும்: இடது ஐசோமெரிசம், வலது ஐசோமெரிசம்.

பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரு கணக்கு போதும். இடது ஐசோமெரிசத்தில் உடல் இரண்டு பக்கமும் இடப்பக்கம்போல் வளர முயல்கிறது. அப்படியானால் இடது பொருட்கள் கூடுதலாக இருக்கும், வலது பொருட்கள் காணாமல் போகும். மண்ணீரல் இடது பொருள், அது பலவாகச் சிதறியிருக்கும். ஐவிசி வலது பொருள், கல்லீரலை ஒட்டிய அதன் பகுதி இருக்காது. இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு வலது மேலறையில் இருப்பது, அது குறைந்தோ இல்லாமலோ போகும், துடிப்பு மெதுவாகும். வலது ஐசோமெரிசத்தில் எல்லாம் எதிர்மாறு. மண்ணீரல் இருக்காது. இடது மேலறை என்று ஒன்று இல்லாததால் நுரையீரல் சிரைகள் போய்ச் சேர இடமில்லாமல் வேறு எங்கோ வடியும். எல்லாக் குழந்தையும் இந்தக் கணக்குக்கு அடங்காது. மண்ணீரல் ஒரு கதையும் இதயம் இன்னொரு கதையும் சொல்லும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் தேடத் தொடங்க இதைவிட நல்ல நூல்முனை கிடையாது.

படி 1: இடப்பக்கத்தை முடிவு செய்யுங்கள்

புரோப்பின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாயிற்றா? சரி. இப்போது தலை எங்கே, முதுகு எங்கே என்று மட்டும் பாருங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். பார்த்தால் மனம் முந்திக்கொண்டு முடிவு செய்துவிடும்.

கை முறை மிக எளிது. உங்கள் வலது கையைத் தாயின் வயிற்றுக்கு மேலே நீட்டுங்கள். விரல் நுனிகள் குழந்தையின் தலையை நோக்கி இருக்கட்டும். உள்ளங்கை குழந்தையின் முகம் பார்க்கும் திசையைப் பார்க்கட்டும். இப்போது கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் குழந்தையின் இடப்பக்கம். தலை கீழே இருந்தாலும், மேலே இருந்தாலும், குறுக்கே கிடந்தாலும் இது மாறாது.

ஒரு உதாரணம். குழந்தை தலைகீழாக இருக்கிறது, முதுகு தாயின் இடப்பக்கம். அப்படியானால் முகம் தாயின் வலப்பக்கத்தைப் பார்க்கிறது. விரல்களைத் தாயின் கால்களை நோக்கி நீட்டி, உள்ளங்கையைத் தாயின் வலப்பக்கம் திருப்பினால், கட்டைவிரல் கீழே, தாயின் முதுகெலும்பை நோக்கிப் போகும். ஆக, குழந்தையின் இடப்பக்கம் புரோப்பிலிருந்து விலகி ஆழத்தில் இருக்கிறது. இரைப்பையும் இதய நுனியும் திரையின் அடிப்பகுதியில் தெரிய வேண்டும். மேலே, புரோப்புக்குப் பக்கத்தில் தெரிந்தால் ஏதோ தவறு. உங்கள் கணக்கிலோ குழந்தையிலோ. முதல் சந்தேகம் உங்கள் கணக்கின்மேல் இருக்கட்டும்.

கை முறை குழப்பினால் இன்னொன்று இருக்கிறது. 1994-இல் கார்ட்ஸ் குழுவினர் எழுதியது. குழந்தையை நீளவாக்கில் பிடித்து, தலை திரையின் வலது ஓரத்துக்கு வரும்படி செய்யுங்கள். பிறகு புரோப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் 90 டிகிரி திருப்புங்கள். இப்போது நீங்கள் எப்போதும் குழந்தையின் கால் பக்கமிருந்து தலைப் பக்கம் பார்க்கிறீர்கள். இதில் ஒரு அழகு: திரையில் கடிகாரச் சுற்றாகப் போனால் முன்பக்கம், இடப்பக்கம், முதுகு, வலப்பக்கம் என்ற வரிசை எந்நேரமும் மாறாது. குழந்தை குப்புறக் கிடந்தாலும் மல்லாந்து கிடந்தாலும் இதே வரிசை. நான் புதிதாக வருபவர்களுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுத்து, ஒன்றில் முடிவு செய்து மற்றதில் சரிபார்க்கச் சொல்வேன்.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் நடுவே குழந்தை புரண்டுவிடும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு முன் போட்ட கணக்கை வைத்துக்கொண்டிருப்பீர்கள். இரட்டைக் குழந்தைகளில் முதல் குழந்தையின் கணக்கை இரண்டாவதற்குப் போட்டுவிடுவீர்கள். பழைய படத்தை எடுத்துவைத்துப் பின்னால் உட்கார்ந்து பக்கம் சொல்ல முயல்வீர்கள். நிலைத்த படத்தில் தலை எந்தப் பக்கம் என்று தெரியாது, அதனால் பக்கமும் சொல்ல முடியாது. நீளவாக்கிலிருந்து குறுக்குவாக்குக்குத் திரும்பும் சிறு வீடியோவைச் சேமித்துவையுங்கள், அது மட்டும்தான் சாட்சி. யோனி வழியாக எடுக்கும் டிரான்ஸ்வஜைனல் ஸ்கேனில் திரையின் திசைகளே வேறு. நன்றாகப் பழகும்வரை அதில் மட்டும் பார்த்துப் பக்கத்தை அறிவிக்காதீர்கள்.

முடிவு செய்த பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடப்பக்கம் கீழே." பக்கத்தில் இருப்பவர் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

படி 2: மேல் வயிறு

வயிற்றுச் சுற்றளவு எடுக்கும் அதே குறுக்கு வெட்டுதான். இரைப்பை இடப்பக்கம் இருக்க வேண்டும். தொப்புள் சிரை கல்லீரலுக்குள் நுழைந்து, இரைப்பையிடமிருந்து விலகி வலப்பக்கமாக வளைய வேண்டும். பித்தப்பை அந்தச் சிரைக்கு வலப்பக்கத்தில் இருக்கும்.

சிரை இரைப்பையை நோக்கி வளைந்து, பித்தப்பை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் வலது தொப்புள் சிரை மறையாமல் நின்றுவிட்டதுதான். தனியாக இருந்தால் அநேகமாகத் தொந்தரவு இல்லை. ஆனால் பார்த்தவுடன் மற்றவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கல்லீரல் நடுவில் சமமாகப் பரந்திருந்தாலோ, பித்தப்பை நடுக்கோட்டில் இருந்தாலோ, இரைப்பையும் நடுவுக்கு நகர்ந்திருந்தாலோ ஹெட்டரோடாக்சியை நினைக்க வேண்டும். இரைப்பை ஒரு பக்கம், இதய நுனி இன்னொரு பக்கம் என்றால் சந்தேகம் பலமாகும். அதே சமயம், இரண்டும் இடப்பக்கமே இருக்கும் ஹெட்டரோடாக்சியும் உண்டு. இதனால்தான் அடுத்த படி முக்கியம்.

படி 3: முதுகெலும்புக்கு முன்னால் இரண்டு வட்டங்கள்

என்னிடம் ஒரே ஒரு படம் பார்த்து ஹெட்டரோடாக்சியைச் சொல்லச் சொன்னால், நான் இதயத்தைக் கேட்க மாட்டேன். இந்த இரண்டு வட்டங்களைக் கேட்பேன்.

மேல் வயிற்றுக் குறுக்கு வெட்டில், முதுகெலும்புக்கு முன்னால் சற்று இடப்பக்கமாக ஒரு கறுப்பு வட்டம் துடித்துக்கொண்டிருக்கும். அது அயோர்ட்டா என்கிற பெருந்தமனி. அதற்கு வலப்பக்கத்தில், முதுகெலும்பிலிருந்து இன்னும் முன்னால் தள்ளி, கல்லீரலை ஒட்டி இன்னொரு வட்டம், அது ஐவிசி. ஒன்று இடது-பின், மற்றது வலது-முன். இந்தச் சாய்வான ஜோடி கண்ணில் பதிந்துவிட்டால், மாறியிருக்கும்போது தானாக உறுத்தும்.

எப்படி உறுத்தும்? இரண்டு விதம்.

ஒன்று: கல்லீரலை ஒட்டி இருக்கவேண்டிய ஐவிசி அங்கே இல்லை. அதற்குப் பதில் அயோர்ட்டாவுக்குத் தோளோடு தோளாக, முதுகெலும்பை ஒட்டியே இன்னொரு குழாய் இருக்கிறது. அது அசைகஸ் சிரை. இயல்பான குழந்தையில் இருபது வாரத்தில் அது மெல்லிய நூல், கண்ணுக்கே அகப்படாது. ஐவிசி அறுந்திருந்தால் கீழ்ப்பாதி ரத்தமெல்லாம் இதன் வழியாக மேலே ஏற வேண்டும், அதனால் பருத்து நிற்கும். புரோப்பை நெஞ்சுக்கு நகர்த்தினால் இதயத்துக்குப் பின்னால் ஒரு வட்டம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வட்டம் தெரியும், துப்பாக்கியின் இரட்டைக் குழல்போல. இப்போது நீளவாக்கில் திருப்பி, ரத்தம் ஓடும் திசையை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போடுங்கள். இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஆனால் ஒன்றில் ரத்தம் கீழே போகும், மற்றதில் மேலே வரும். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கல்லீரல் சிரைகள் தனியாக நேரே மேலறையில் போய்த் திறக்கும். இந்தக் காட்சி கிடைத்தால் இடது ஐசோமெரிசம் என்று நினைத்துக்கொண்டு இதயத்துக்குப் போங்கள். தனியாக ஐவிசி மட்டும் அறுந்து மற்றதெல்லாம் சரியாக இருக்கும் குழந்தைகளும் உண்டு, ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

இரண்டு: ஐவிசி இருக்கிறது, ஆனால் அயோர்ட்டா இருக்கும் பக்கத்திலேயே, அதற்கு முன்னால் அடுக்கி வைத்ததுபோல நிற்கிறது. இரண்டும் முதுகெலும்புக்கு ஒரே பக்கம். இது வலது ஐசோமெரிசத்தின் அடையாளம்.

இந்த இரண்டு வட்டங்களையும் தேட முப்பது நொடி போதும். அவசர ஸ்கேனில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவது எனக்குப் புரியவே இல்லை.

படி 4: இதயம்

நெஞ்சின் குறுக்கு வெட்டில் நான்கு அறைக் காட்சியை எடுங்கள். முதுகெலும்பிலிருந்து நெஞ்செலும்புக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதயத்தின் நடுச்சுவர் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கமாக ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். 20 டிகிரி அப்படி இப்படி இருக்கலாம். இதயம் நெஞ்சுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருக்கும்.

இதயம் வலப்பக்கம் தெரிந்தால் உடனே டெக்ஸ்ட்ரோகார்டியா என்று எழுதிவிடாதீர்கள். டெக்ஸ்ட்ரோகார்டியா, அதாவது நுனி வலப்பக்கம் திரும்பியிருப்பது வேறு, நுனி இடப்பக்கமே பார்த்திருக்க முழு இதயமும் வலப்பக்கம் தள்ளப்பட்டிருப்பது வேறு. இரண்டாவது நிலையில் குற்றவாளி இதயம் இல்லை, இடப்பக்கத்தில் இருந்து தள்ளுகிற பொருள். உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து இரைப்பையும் குடலும் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம், இடது நுரையீரலில் கட்டி இருக்கலாம். அல்லது வலது நுரையீரல் சிறுத்துப்போய் இதயத்தை இழுத்திருக்கலாம்.

பக்கம் முடிந்ததும் அறைகள். முதுகெலும்புக்கு மிக அருகில் இருப்பது இடது மேலறை. அதற்குப் பின்னால் அயோர்ட்டா. நுரையீரல் சிரைகள் அதில்தான் திறக்க வேண்டும். கலர் டாப்ளரின் வேக அளவைக் குறைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு சிரையாவது உள்ளே நுழைவதைப் பாருங்கள். மேலறைக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவில் வழக்கத்தைவிட இடைவெளி அதிகமாக இருந்து, அந்த இடைவெளியில் இன்னொரு குழாய் படுத்திருந்தால், சிரைகள் வேறெங்கோ வடிகின்றன. வலது ஐசோமெரிசத்தில் இது அடிக்கடி வரும், பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது. அதனால் கஷ்டப்பட்டாவது பாருங்கள்.

வலது கீழறைக்குள் நுனிப் பக்கம் ஒரு குறுக்குத் தசைப்பட்டை இருக்கும், அதன் வால்வும் நுனிக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் வைத்துக் கீழறை எது என்று அடையாளம் சொல்லலாம். நடுவில் சிலுவைபோல் சந்திக்கவேண்டிய இடம் காலியாக இருந்து, இரண்டு வால்வுக்குப் பதில் ஒரே வால்வு நேர்கோடாகத் திறந்து மூடினால், அது மேலறை–கீழறைத் தடுப்புக் குறைபாடு. இரண்டு ஐசோமெரிசத்திலும் இதைப் பார்ப்போம்.

மேலறைகளின் காது போன்ற நீட்சிகள் வலதில் அகன்ற முக்கோணமாகவும் இடதில் விரல்போல் குறுகலாகவும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஐசோமெரிசத்துக்கு அதைவிட நேரடி ஆதாரம் இல்லை. ஆனால் கருவில் அதைத் தெளிவாகப் பார்க்க நல்ல அனுபவம் வேண்டும். புதியவர்கள் இதில் நேரத்தைக் கரைக்கவேண்டாம்.

பிறகு பெருங்குழாய்கள். அயோர்ட்டாவும் நுரையீரல் தமனியும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா, இரண்டும் ஒரே கீழறையிலிருந்து கிளம்புகின்றனவா, நுரையீரல் தமனி மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்திருந்தால் வலது ஐசோமெரிசத்தின் பக்கம் தராசு சாயும். நுரையீரல் தமனி, அயோர்ட்டா, மேல் பெருஞ்சிரை மூன்றும் வரிசையாகத் தெரியும் மூன்று குழாய்க் காட்சியில் நுரையீரல் தமனிக்கு இடப்பக்கத்தில் நான்காவதாக ஒரு வட்டம் தெரிந்தால் அது இடது மேல் பெருஞ்சிரை. அயோர்ட்டாவின் வளைவு மூச்சுக்குழாய்க்கு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: துடிப்பு

கருவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். 50, 60 என்று மெதுவாகத் துடித்தால் ஒரு கோட்டில் நடக்கும் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம்-மோடைப் போட்டு, அந்தக் கோடு மேலறையையும் கீழறையையும் ஒன்றாக வெட்டும்படி வையுங்கள். மேலறை 140 முறையும் கீழறை 55 முறையும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தால் அது முழு இதயத் தடை. இதற்குக் கருவில் முக்கியமான காரணங்கள் இரண்டு. இதயத்தின் அமைப்பு சரியாக இருந்தால், தாயின் ரத்தத்தில் ஆன்டி-ரோ, ஆன்டி-லா எதிர்ப்பொருட்களைத் தேடச் சொல்லுங்கள். அமைப்பு கோணலாக இருந்தால் இடது ஐசோமெரிசத்தைத் தேடுங்கள். இடது ஐசோமெரிசமும் இதயத் தடையும் சேர்ந்து, குழந்தையின் வயிற்றிலும் தோலிலும் நீர் கோத்திருந்தால் நிலைமை மோசம். அந்தக் குழந்தைகளில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். 11 முதல் 14 வார ஸ்கேனில் கழுத்துப் பின்புற நீர் தடித்தும் துடிப்பு மெதுவாகவும் இருந்தால் அப்போதே இதை நினைக்கலாம்.

மண்ணீரலும் மற்றவையும்

இரைப்பைக்குப் பின்னால் மண்ணீரலைத் தேடுங்கள். கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுதாதீர்கள், "தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். பல சிறு மண்ணீரல்களைக் கருவிலேயே எண்ணுவது பெரும்பாலும் நடக்காத காரியம். குடல் சரியாகச் சுழலாமல் இருப்பதும் பித்தநாள அடைப்பும் ஹெட்டரோடாக்சியோடு வரக்கூடியவை. ஆனால் கருவில் இவை அநேகமாகப் பிடிபடாது. பிறந்த பிறகு தேடவேண்டியவை.

என்ன எழுதுவது

"டெக்ஸ்ட்ரோகார்டியா, மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் மருத்துவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெயர் சூட்டத் தெரியாவிட்டால் சூட்டவேண்டாம். பார்த்ததை வரிசையாக எழுதுங்கள். இப்படி:

"தலை கீழே, முதுகு தாயின் இடப்பக்கம், பக்கம் இரண்டு முறையில் சரிபார்க்கப்பட்டது. இரைப்பை வலப்பக்கம். கல்லீரல் நடுவில். பித்தப்பை நடுக்கோட்டில். ஐவிசி கல்லீரல் பகுதியில் தெரியவில்லை; அயோர்ட்டாவுக்கு வலப்பக்கத்தில் பருத்த அசைகஸ், ரத்தம் மேல்நோக்கி. இதய நுனி இடப்பக்கம், 50 டிகிரி. ஒரே வால்வு. துடிப்பு 98, சீரானது. நுரையீரல் சிரைகள் இரண்டு பார்க்கப்பட்டன."

இதைப் படிக்கிற எந்தக் கருவிதய நிபுணரும் இடது ஐசோமெரிசம் என்று தானே சொல்லிவிடுவார். நீங்கள் அந்த வார்த்தையை எழுதாமலே நோயறிதலைச் செய்துமுடித்துவிட்டீர்கள்.

பெற்றோரிடம்

"இதயம் வலது பக்கம் இருக்கிறது" என்ற வாக்கியம் அறைக்குள் விழுந்த பிறகு வேறு எதுவும் அவர்கள் காதில் ஏறாது. அதனால் முழு ஸ்கேனும் முடியும்வரை துண்டு துண்டாகச் சொல்லாதீர்கள். முடிந்த பிறகு உட்கார்ந்து, உறுப்புகள் பக்கம் மாறியிருப்பது ஒரு விஷயம், இதயத்தின் உள்ளே கோளாறு இருக்கிறதா என்பது வேறு விஷயம் என்று பிரித்துச் சொல்லுங்கள். முழுக்கப் புரண்டு, உள்ளமைப்பு சரியாக இருக்கும் குழந்தை பெரும்பாலும் எல்லாக் குழந்தையையும்போல வளரும். ஹெட்டரோடாக்சியில் எதிர்காலம் இதயக் கோளாறைப் பொறுத்தது. வலது ஐசோமெரிசத்தில் இரண்டு கீழறையும் தனித்தனியாக வேலை செய்யும்படி சரிசெய்ய முடியாமல், கட்டம் கட்டமாகப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்படுவது வழக்கம். இடதில் ஓரளவு நம்பிக்கை கூடுதல், இதயத் தடை இல்லாதவரை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பார்கள். கரு மூன்றாவது வாரத்தில் இருக்கும்போது, அதன் நடுவே ஒரு குழியில் நுண்ணிய மயிரிழைகள் சுழன்று, நீரை இடப்பக்கமாக ஓட்டுகின்றன. அந்த ஓட்டம்தான் உடலுக்கு இடம், வலம் சொல்லிக் கொடுக்கிறது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருவில் இதை நேரில் காட்டினார்கள். மயிரிழை சுழலாவிட்டால் இடமா வலமா என்பது பூவா தலையா போட்டதுபோல் ஆகிவிடும். இதேபோன்ற மயிரிழைகள்தான் பிற்காலத்தில் நுரையீரலில் சளியைத் தள்ளுகின்றன. அதனால் மயிரிழைக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் புரண்டிருக்கும். 1933-இல் கார்ட்டஜெனர் விவரித்த சைனஸ் அழற்சி, மூச்சுக்குழல் விரிவு, உறுப்புப் புரட்டு என்ற மும்மை இதுதான். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பதும் ஹெட்டரோடாக்சிக்கான ஆபத்தைக் கூட்டும். ஆனால் இதைக் கேட்கும்போது குற்றம் சாட்டுவதுபோல ஒலித்துவிடக் கூடாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேளுங்கள், மரபியல் ஆலோசனைக்கு அனுப்புங்கள். குரோமோசோம் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருப்பதைப் பார்க்கும் மைக்ரோஅரேயில் ஒன்றும் தெரியாமல், மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையில் மயிரிழை சார்ந்த மரபணு மாற்றம் தெரியவரலாம்.

பிரசவத்துக்கு முன் குழந்தை மருத்துவருக்குப் போகும் சீட்டில் நான் எப்போதும் சேர்க்கும் வரிகள் சில உண்டு. பிறந்தவுடன் இதய எக்கோ. வயிற்று ஸ்கேனில் மண்ணீரல். இல்லையென்றால், அல்லது வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால், ரத்தப் பூச்சில், மண்ணீரல் வேலை செய்யாதபோது சிவப்பணுக்களில் தங்கிவிடும் ஹோவெல்-ஜாலி புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தடுப்பு ஆன்டிபயாட்டிக்கும் நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) தடுப்பூசிகளும். மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து மலம் வெளுத்தால் பித்தநாளத்தைப் பார்க்கவும். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுவேன்: குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அந்த மணி நேரத்திலேயே அறுவை மருத்துவரைக் கூப்பிடவும்.